பின் சில்லு சுடுகிறதா? சுவிச் ஹேண்ட்பிரேக் உள்ள கலிப்பரைத் திருத்தும் முறை

வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை ஏ9 இல் ஓடிவந்து இறங்கினால் ஒரு பின் சில்லு மட்டும் கிட்டப் போக முடியாதபடி சுடுகிறது. அல்லது ஹேண்ட்பிரேக் சுவிச்சை இழுத்தால் ஒரு பக்கம் மோட்டர் சத்தம் கேட்கிறது, மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. அல்லது மீற்றரில் மஞ்சள் லைற் எரிந்தபடி நிற்கிறது. இப்படி ஏதாவது ஒன்றோடு கராஜுக்குப் போனால் இரண்டு பதில்தான் கிடைக்கும்: "கலிப்பர் முழுசா மாத்த வேணும்", இல்லாவிட்டால் "மோட்டர் பிளக்கைக் கழட்டி விடுறன், நீங்கள் ஓடுங்கோ". கலிப்பர் என்பது சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கை நெரித்துப் பிடிக்கிற பிரேக் உறுப்பு, அதை முழுதாக மாற்றுவது பல நேரம் தேவையில்லாத செலவு. இரண்டாவதைத் தயவுசெய்து செய்யவே வேண்டாம். வன்னி சமதரைதானே, ஹேண்ட்பிரேக் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே கார் நாளைக்குக் கண்டிக்கும் போகும், குளக்கட்டுச் சரிவிலும் நிற்கும், பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்திலும் நிற்கும்.

இந்தப் பிரச்சினை இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் 2014, 2015 இல் வந்த ஹொண்டா வெசல் மாதிரிக் கார்கள்தான் இன்னும் எங்கள் ரோட்டில் ஓடுகின்றன, அவற்றின் றப்பர்களுக்கும் அதே வயசு. கோடையில் கிரவல் ரோட்டுப் புழுதி, மாரியில் பாலத்துக்கு மேலால் பாய்கிற தண்ணி, முல்லைத்தீவுக் கரையிலும் பூநகரிப் பக்கமும் உப்புக் காற்று. பிஸ்டனை மூடியிருக்கிற தூசி றப்பரில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலே போதும், ஒரே மாரியில் உள்ளே துரு பிடித்துவிடும்.

கலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல கலிப்பரையும் உடைத்துவிடுவீர்கள், அதனால் முதலில் அதைப் பார்ப்போம். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள் பாட்டை, அதாவது உரசித் தேய்கிற பிரேக் தட்டை, டிஸ்க்கில் அழுத்தும், அந்த எதிர் விசையில் கலிப்பர் உடம்பு இரண்டு வழுக்கு ஊசிகளில் நகர்ந்துவந்து வெளிப் பாட்டையும் அழுத்தும். இவ்வளவும் எல்லாக் காருக்கும் பொது. சுவிச் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் கலிப்பரின் முதுகில் ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டரும் பல்சக்கரங்களும் சேர்ந்த ஒரு பெட்டி பூட்டியிருக்கும். அது கலிப்பருக்குள் இருக்கிற மரைத்தண்டைச் சுற்றும், தண்டில் ஓடுகிற நட்டு பிஸ்டனுக்கு உள்ளிருந்து முன்னால் வந்து முட்டும். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பதைக் கம்பியூட்டர் மோட்டர் இழுக்கிற கரண்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது: பாட் டிஸ்க்கில் இறுகியதும் கரண்ட் ஏறும், ஏறியதும் நிறுத்தும்.

இதில் இருந்து வருகிற முக்கியமான விசயம்: அந்த நட்டு முன்னுக்கு நிற்கும்போது ஜீ கிளாம்ப் (திருகி நெரிக்கிற கருவி) போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் நீங்கள் தள்ளுவது பிஸ்டனை அல்ல, மரையைத்தான். மரை நசியும், அல்லது பல்சக்கரத்தில் பல்லுப் போகும். சீல் கிட் ஒன்றோடு முடிய வேண்டிய வேலை அந்த நிமிசத்தில் புதுக் கலிப்பர் வேலையாக மாறிவிடும். முதலில் மோட்டரைப் பின்னுக்கு எடுக்க வேண்டும், அதாவது அதை எதிர்ப்பக்கம் ஓடவிட்டு நட்டைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகுதான் பிஸ்டன்.

எல்லாச் சுவிச் ஹேண்ட்பிரேக்கும் இந்த வகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பக்கால நிஸான் லீஃப் போன்ற சிலவற்றில் மோட்டர் வேறு இடத்தில் இருந்து கேபிளை இழுக்கும். குனிந்து கலிப்பரின் பின்பக்கம் பாருங்கள். வயர் பிளக்கோடு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. கேபிளும் நெம்புகோலும் இருந்தால் முறை வேறு, அதில் பிஸ்டனை முறுக்கித்தான் உள்ளே அனுப்ப வேண்டிவரும்.

கழற்ற முதல் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சில்லு சுடுவதற்கு நாலு காரணம் இருக்கலாம். வழுக்கு ஊசி இறுகியது, பிஸ்டன் துருவில் பிடித்தது, பாட்டின் காது (இரண்டு ஓரத்திலும் நீட்டி நிற்கிற நுனி) அதைத் தாங்குகிற பிராக்கெட்டில் துருவோடு ஒட்டியது, அல்லது மோட்டர் முழுதாக விடாதது. பிரேக் ஒயில் ஹோஸ் உள்ளே வீங்கி அடைப்பதையும் சேர்த்தால் ஐந்து, அது அரிது.

அடுத்த பகுதியில் சொல்கிறபடி கட்டை வைத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பாட் மெல்ல உரசுகிற சத்தம் வருவது சாதாரணம், இரண்டு கையாலும் மினக்கெட்டுச் சுற்ற வேண்டியிருந்தால் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது பிரேக் ஒயிலில் இருந்து காற்றெடுக்கக் கலிப்பரில் இருக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திறவுங்கள். கொஞ்ச ஒயில் சீறி வந்து சில்லு உடனே இலகுவானால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது, ஹோஸைப் பாருங்கள். இலகுவாகாவிட்டால் கோளாறு கலிப்பரில்தான்.

பாட்டுகளின் தேய்வும் நிறையச் சொல்லும். உள் பாட் மட்டும் தேய்ந்து வெளிப் பாட் புதுசு மாதிரி நின்றால் பெரும்பாலும் வழுக்கு ஊசி நகரவில்லை. ஒரே பாட் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிதாகவும் தேய்ந்திருந்தால் ஒரு ஊசி மட்டும் இறுகியிருக்கிறது. பலர் பாட்டைக் கழற்றியதும் எறிந்துவிட்டுப் புதுசைப் பூட்டிவிடுகிறார்கள், பிறகு புதுசும் அதே மாதிரித் தேய்கிறது.

மோட்டர் பக்கம் சந்தேகம் இருந்தால் ஒரு தம்பியைச் சீற்றில் இருத்தி சுவிச்சை இழுக்கவும் விடவும் சொல்லி, நீங்கள் ஒவ்வொரு பின் சில்லுக்கும் கிட்டக் காதை வையுங்கள். சத்தமே இல்லை என்றால் பிளக், வயர் அல்லது மோட்டர். சத்தம் வருகிறது, ஆனால் சில்லு இறுகவில்லை என்றால் உள்ளே பல்சக்கரமோ பெல்ற்றோ போயிருக்கும். இரண்டு பக்கமும் சோம்பலாகச் சுற்றினால் முதலில் 12 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள், களைத்த பற்றரி இந்த மோட்டருக்குப் போதாது. ஹைபிரிட் கார் என்றாலும் ஹேண்ட்பிரேக்குக்கு அந்தச் சின்னப் பற்றரிதான். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது ஊசியில் பச்சைப் பூப் பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், மாரித் தண்ணி போய் இப்படி நிறைய நடக்கிறது. துப்புரவாக்கிப் பூட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

தூக்குவதும் மோட்டரைப் பின்னெடுப்பதும்

இந்த வேலையில் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்குகிறோம், ஆகவே கார் ஓடாமல் நிற்பதற்கு வேறு வழி வேண்டும். கியரை 'பி' இல் போடுங்கள், முன் சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். செம்மண் முற்றத்தில் ஜாக் மெல்ல மெல்லத் தாழும், கீழே தடித்த பலகை போடாமல் தூக்க வேண்டாம். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குள் கை விடக் கூடாது, ரயரை உருட்டிக் கீழே வைப்பதும் கல் அடுக்குவதும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது.

தூக்க முதலே மோட்டரைப் பின்னெடுப்பது நல்லது. காரின் கம்பியூட்டரில் பூட்டிக் கோளாறு பார்க்கிற ஸ்கானர்களில், சுவிச் ஹேண்ட்பிரேக்கைச் செய்யக்கூடியவற்றில் இதற்கு ஒரு தெரிவு இருக்கும், பாட் மாற்றும் நிலை அல்லது பராமரிப்பு நிலை என்ற பொருளில். லோஞ்ச், ஓட்டெல் போன்றவை வவுனியா, கிளிநொச்சிக் கராஜுகளில் இருக்கின்றன, இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கலாம். சில கார்களில் பெடலும் சுவிச்சும் ஒரு ஒழுங்கில் அழுத்தினாலே இந்த நிலைக்குப் போகும், ஆனால் அந்த ஒழுங்கு மொடலுக்கு மொடல் வேறுபடும், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதை மட்டும் நம்புங்கள். இந்த வேலை முடியும்வரை பற்றரிக்கு சார்ஜரைப் போட்டு வைப்பது நல்லது, இடையில் வோல்ட் விழுந்தால் நிலை குழம்பும்.

பராமரிப்பு நிலைக்குப் போனதும் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், ஒருவரும் கதவைத் திறக்கவோ சுவிச்சைத் தொடவோ வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். காரணம், சில கார்கள் ஓஃப் பண்ணியதும் தானாக ஹேண்ட்பிரேக்கைப் போடும். சில டொயோட்டா ஹைபிரிட்டுகளில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓடி அழுத்தம் ஏறும். கலிப்பருக்குள் விரல் இருக்கும்போது அந்த மோட்டர் ஓடினால் விரல் நசிந்துவிடும். கலிப்பர் டிஸ்க்கில் இல்லாமல் வெளியே தொங்கும்போது சுவிச்சைப் போட்டால் பிஸ்டனே கழன்று வெளியே வரும்.

ஸ்கானர் கிடைக்காமலோ மோட்டர் செத்துப்போயோ இருந்தால் கையால் பின்னெடுக்கலாம். பிளக்கைக் கழற்றி, மோட்டர் பெட்டியைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ற்றையும் கழற்றிப் பெட்டியை இழுத்தால் வரும். தண்டுக்கு உள்ளே தனி சீல் இருப்பதால் பிரேக் ஒயில் சிந்தாது. சிந்தினால் அல்லது அந்த இடம் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்டுச் சீல் போயிருக்கிறது, அப்படியான கலிப்பரை நான் திருத்தச் சொல்ல மாட்டேன், மாற்றிவிடுங்கள். ஈரமில்லை என்றால் தெரிகிற நட்சத்திரத் தண்டைப் பொருத்தமான சொக்கெற்றால் மெல்லச் சுற்றுங்கள். பெரும்பாலான கார்களில் வலப்பக்கம் சுற்றினால் பின்னுக்குப் போகும். இலகுவாகச் சுற்றுவது நின்றதும் நீங்களும் நிற்பாட்டுங்கள், கடைசியில் பலம் போட்டு இறுக்கினால் மறுபடி சுவிச்சுக்கு அது வராது.

கழற்றிய மோட்டரை அந்த நேரத்திலேயே சோதிக்கலாம். நடுவில் 15 அம்பியர் பியூஸ் வைத்த இரண்டு வயரால் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் சுற்றும், வயரை மாற்றித் தொட்டால் மறுபக்கம் சுற்றும். கலிப்பரில் பூட்டியபடி இதைச் செய்யக் கூடாது, கரண்டைப் பார்த்து நிறுத்த அங்கே கம்பியூட்டர் இல்லை. மோட்டர் மட்டும் போயிருந்தால் மோட்டரை மட்டும் வாங்கலாம், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழசு கழற்றி விற்கிறார்கள், கேட்டால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். வாங்கும்போது இடமா வலமா என்பதையும் பிளக்கின் படத்தையும் அனுப்புங்கள்.

வழுக்கு ஊசிகள்

பாதிக்கு மேற்பட்ட கலிப்பர்களில் வேலை இதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம், அதனால் ஒயில் ஹோஸைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கலிப்பர் போல்ற் இரண்டையும் கழற்றி, கலிப்பரை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடக் கூடாது. ஊசிகளைக் கையால் இழுத்துப் பாருங்கள். நல்ல ஊசி விரலாலேயே போய்வரும். சுத்தியலும் பிளையரும் கேட்கிற ஊசிதான் உங்கள் பிரச்சினை.

வெளியே எடுத்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள், ஊசி போகிற ஓட்டையையும் துடையுங்கள். ஊசியின் மேல் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியை மாற்றுங்கள். சில கார்களில் ஒரு ஊசியின் நுனியில் சின்ன றப்பர் இருக்கும், மற்றதில் இருக்காது. எது மேல் எது கீழ் என்று கழற்றும்போதே போனில் படம் எடுங்கள், மாறிப் பூட்டக் கூடாது. பூசுவதற்குப் பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கன் கிரீஸ்தான். பெயாரிங்குக்கு அடிக்கிற சாதாரண கிரீஸ் இந்த றப்பரை வீங்கவைக்கும், சில மாதத்தில் ஊசி முன்பைவிட மோசமாக இறுகும்.

பிராக்கெட்டில் பாட்டின் காது இருக்கிற தகடுகளையும் கழற்றி, கீழே உள்ள துருவைக் கம்பி பிரஷால் சுரண்டுங்கள். அந்தத் துரு தகட்டை உயர்த்திப் பாட்டை நசிக்கும். பாட் கையால் வைத்ததும் வழுக்க வேண்டும், தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் துப்புரவு போதாது.

இப்போது பிஸ்டனை ஜீ கிளாம்பால் மெல்ல, நேராக அழுத்திப் பாருங்கள். சீராக உள்ளே போனால், தூசி றப்பரும் கிழியாமல் இருந்தால், பூட்டுகிற வேலைக்குப் போகலாம். போக மறுத்தால் அல்லது றப்பரைச் சுற்றி ஈரம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

பிஸ்டனும் சீலும்

சீல் கிட்டும் இரண்டு புதுச் செம்பு வொஷரும் கையில் வந்த பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் ஹோஸ் வாயை றப்பர் மூடியால் அடையுங்கள், பிரேக் ஒயில் ராங்க் வறண்டால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் போய் அதை எடுக்கவே தனி வேலையாகிவிடும். சிந்துகிற ஒயில் பெயின்றைத் தின்னும், பட்ட இடத்தில் உடனே தண்ணி ஊற்றுங்கள்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றுத்தான் வழி. கலிப்பர் வாய்க்குள் மரக்கட்டை வைத்து, ஹோஸ் பூட்டுகிற ஓட்டையால் கால் பம்பால் மெல்ல மெல்ல அடியுங்கள். கொம்பிரஸர் என்றால் மிகக் குறைந்த அழுத்தத்தில். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பாயக்கூடியது, அதன் முன்னால் விரலோ முகமோ இருக்கக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

வெளியே வந்ததும் எல்லோரும் பார்ப்பது உள்சுவரை. உண்மையில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று பிஸ்டனின் வெளிமேற்பரப்பு, ஏனென்றால் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற சதுரச் சீல் ஒயிலை மறிப்பது அதில்தான். நகத்தில் தட்டுப்படுகிற பள்ளம் ஒன்று இருந்தாலும் புதுப் பிஸ்டன் போடுங்கள், மேலோட்டமான கறை என்றால் துடைத்தாலே போகும். மற்றது சீல் இருக்கிற பள்ளத்தின் அடி. அங்கே துரு சேர்ந்தால் சீல் உள்ளுக்குத் தள்ளப்பட்டுப் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டன் பிடிக்கிறது என்று சொல்கிற பல கலிப்பரில் உண்மையான குற்றவாளி இந்தப் பள்ளம்தான். சீலை மூங்கில் குச்சியால் எடுத்துவிட்டு, பள்ளத்தைச் சுற்றிவர மினக்கெட்டுத் துப்புரவாக்குங்கள். கூரான இரும்பால் சுரண்டிக் கோடு போட வேண்டாம். பெடலை விட்டதும் பிஸ்டனைச் சிறிதளவு பின்னுக்கு இழுப்பதும் இதே சீல்தான், அதனால் பள்ளம் சுத்தமில்லாமல் புதுச் சீல் போட்டும் பயனில்லை.

கழுவப் பிரேக் கிளீனர் அல்லது புதுப் பிரேக் ஒயில் மட்டும். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த றப்பர் பக்கம் வரக் கூடாது. மரைத்தண்டைக் கழற்ற வேண்டாம். நட்டு மட்டும் தண்டில் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள்.

புதுச் சீலைப் புதுப் பிரேக் ஒயிலில் தோய்த்துப் பள்ளத்தில் முறுகாமல் இருத்துங்கள். தூசி றப்பரைப் பிஸ்டனில் ஏற்றி, பிஸ்டனை நேராக வைத்து இரண்டு பெருவிரலாலும் தள்ளினால் போக வேண்டும். நட்டின் தட்டையான பக்கம் பிஸ்டனுக்குள் உள்ள வெட்டோடு பொருந்த வேண்டும், முட்டினால் பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், அடித்து ஏற்றாதீர்கள். மோட்டர் பெட்டியைப் பூட்டும்போது அதன் ஓ வளையமும் நல்லதாக இருக்க வேண்டும், மாரித் தண்ணியை மறிப்பது அதுதான்.

பூட்டுவதும் காற்றெடுப்பதும்

பாட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள், மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே அடித்திருக்கும், அளந்து பாருங்கள். கலிப்பர் போல்ற்றுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சில்லு நட்டு ஹொண்டாவில் 108, டொயோட்டாவில் 103 நியூட்டன் மீற்றர்.

ஒயில் மூடியில் டொட் 3 என்று ஒயிலின் தரம் போட்டிருந்தால் டொட் 4 உம் போடலாம். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும், ஈரம் இழுத்துவிட்டால் அது 155 வரை இறங்கலாம். அதனால் திறந்து நாளான போத்தலைப் பாவிக்காதீர்கள். சாதாரணக் காரில் ஒருவர் பெடல், ஒருவர் நிப்பிள் என்ற பழைய முறையே போதும், ராங்க் வறளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெசல் ஹைபிரிட்டில் பெடல் அழுத்தத்தை மின்சாரம்தான் உண்டாக்குகிறது, அப்படியான காரில் ஸ்கானர் சொல்கிற ஒழுங்கில்தான் காற்றெடுக்க வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை.

இங்கே ஒழுங்கு முக்கியம்: முதலில் பெடலைப் பல தடவை மிதித்துக் கல்லு மாதிரி ஆக்குங்கள், பிஸ்டன் பாட்டில் வந்து முட்டட்டும். அதன் பிறகுதான் பராமரிப்பு நிலையில் இருந்து வெளியே வந்து சுவிச்சைப் போட வேண்டும். மாறிச் செய்தால் மோட்டர் அந்த வெறும் தூரத்தை எல்லாம் ஓடிக் கம்பியூட்டரில் கோளாறுக் கோட் எழுதும். சுவிச்சை சில தடவை போட்டு விடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சத்தம், ஒரே மாதிரி இறுக்கம் வருகிறதா என்று சில்லைச் சுற்றிப் பாருங்கள். கோட் இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

நேரே ஏ9 இல் ஏறாதீர்கள். உள்ரோட்டில் மெதுவாக ஓடி, மணிக்கு 50 கி.மீ. இல் இருந்து 10 க்கு மெல்லப் பிரேக் பிடித்துப் பிடித்துப் பாட்டைப் படிய விடுங்கள். குளக்கட்டுக்கு ஏறுகிற சரிவு ஒன்றில் நிறுத்தி, சில்லுக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் கட்டை போட்டுவிட்டு, 'என்' இல் வைத்து ஹேண்ட்பிரேக் மட்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். இறங்கியதும் இரண்டு பின் சில்லின் சூட்டையும் ஒப்பிடுங்கள். மறுநாள் காலையில் ஒயில் மட்டத்தையும் ரயரின் உள்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள், செம்பு வொஷர் கசிந்தால் முதலில் அங்கேதான் ஈரம் தெரியும்.